நாலாம் பாகத்திலிருந்து வந்தவள்

1997 ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கொள்ளைநோயால் உலகமே அழிந்துபோன ஒரு நாவலின் நாலாம் பாகத்திலிருந்து அருந்ததி என்ற பதினாலு வயதுப் பிள்ளை வெளியேறி, கொழும்பு வெள்ளவத்தையில் நாகேஸ்வரியின் வீட்டுக் கதவைத் தட்டினாள். தபால் கந்தோரில் வேலைசெய்த நாகேஸ்வரி தனிக்கட்டை. ஸாலிஹின் வாடகைப் புத்தகக்கடையில் எடுத்த அந்த ஆறு பாக நாவலை அவரைப்போல மெச்சியவர் தெருவிலேயே இல்லை. மிஞ்சியவர்கள் எப்படி அடுப்பு மூட்டினார்கள், யாரை நம்பினார்கள் என்று எழுதிய கைக்குத் தங்கக் காப்புப் போடவேண்டும் என்பார். முத்திரை வாங்க வந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. "வாசியுங்கோ, சோறு இறங்காது. ஆனா மனிசரிலை நம்பிக்கை வரும்."

அந்த வருடங்களில் பையோடு வாசலில் நிற்பவர் எவரும் போருக்குத் தப்பி, வவுனியாவில் பயண அனுமதிப் பாஸ் எடுத்து வந்த சொந்தம்தான்; யாரென்று கேட்பது மரியாதைக்கேடு. நாகேஸ்வரியும் கேட்கவில்லை. இடியப்பமும் சொதியும் கொடுத்துப் படுக்கவைத்தார். மறுநாள், வீட்டில் தங்குபவர்களைப் பொலிஸில் பதியும் படிவம் நிரப்பும்போதுதான் ஊரைக் கேட்டார். பிள்ளை சொன்ன ஊர் அந்த நாவலில் மட்டுமே இருந்தது. அட கோதாரி! நாலாம் பாகத்தின் கடைசி வரியில் அருந்ததி கதவைத் திறந்து வெளியே போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வந்த பிள்ளையைத் துரத்தவா முடியும்? யாழ்ப்பாணத்துக் கைதடி என்று எழுதிக் கொடுத்தார்.

நாகேஸ்வரி ஐந்தாம் பாகத்தின் பத்தாம் பக்கத்தை வாசித்தபோது பிள்ளைக்கு இருமல் வந்தது. நாற்பதாம் பக்கத்தில் காய்ச்சல். மருந்துக்குக் கேட்கவில்லை, புத்தகத்தை மூடினால் காய்ச்சல் இறங்கியது. நாகேஸ்வரி ஸாலிஹிடம் ஓடினார்.

"நான் வாசிச்சப்ப ஒண்டும் நடக்கல்ல மிஸ், புள்ள ஈக்கிறது ஒங்கட வீட்டுலதானே," என்றார் ஸாலிஹ். "அடுத்த அத்தியாயத்துல அது மவுத்தாகும். ஆனா என்னா எழுத்து! மூணு தரம் அழுதேன்."

பிள்ளை சாகும் என்று தெரிந்தும், மிஞ்சியவர்கள் தேடி நடந்த கடலைக் கடைசியில் கண்டார்களா என்று அறிய நாகேஸ்வரிக்கு உயிர் துடித்தது. புத்தகத்தை ஸாலிஹின் மேசையில் வைத்தார்.

"எனக்கு வேண்டாம் தம்பி. நீங்களும் முடிவைச் சொல்லிப்போடாதேங்கோ."

வீடு வரும்வரை அழுதார். அன்றே இருமல் நின்றது. அருந்ததி பள்ளிக்கூடம் போனாள், கணக்கில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தாள். நாகேஸ்வரி நாவலைப் புகழ்வதை மட்டும் விடவில்லை, நாலாம் பாகம்வரைக்கும்.

2000ஆம் ஆண்டு வீட்டுச் சோதனைக்கு வந்த பொலிஸ்காரர், பிள்ளையைக் காட்டி யாரென்று சிங்களத்தில் கேட்டார்.

"மகே துவ," என் மகள் என்றார் நாகேஸ்வரி.

பொலிஸ்காரர் இரண்டு முகங்களையும் மாறிமாறிப் பார்த்தார். மூக்கு அப்படியே அம்மாவின் மூக்குத்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.