ஒன்றும் சொல்லாவிட்டால் பாதை காலி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மின்ரயிலில். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, திருவள்ளூரிலிருந்து சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேப்பம்பட்டில் ஒரு பெண் ஏறி எதிரே உட்கார்ந்தாள். பட்டுப்புடவை, மடியில் பரிசுப் பொட்டலம், காதில் ஹெட்போன். கையிலிருந்த போனைப் பார்த்தபடி யாருக்கோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உள்ள கீறான்... இன்னும் உள்ளதான் கீறான்..."

பிறகு திருநின்றவூர் வரை ஒரு சொல் கூட இல்லை. ஆனாலும் அழைப்பைத் துண்டிக்கவில்லை. கண் போனை விட்டு நகரவில்லை. ரயில் கிளம்பியதும், "வெளிய ஒருத்தன்" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். (பார்க்கக் கூடாதுதான்.) திரையில் நீள்வட்டமான ஒரு பாதை. அதில் சின்னச் சின்னக் கார்கள் இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தன. நான் எதுவும் கேட்கவில்லை. ஆவடியில் அவள் இறங்கிப் போய்விட்டாள். இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

'கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகளுக்கு மேலே சூரியன் எழும்பியபோது அன்புராஜ்' [வேண்டாம். சூரியனைக் கூப்பிட்டால் அது வர்ணனையாகவே போய்விடும்.]

'ஹெலனின் குரல் இல்லாத முதல் ஞாயிறு' [இது நடுவில் வரவேண்டியது.]

'அன்புராஜின் கார் நேராகப் போக விரும்பாத கார்.'

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் விளக்க வேண்டும். விளக்குவது எனக்குப் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீக்கடையில் கொடுக்கிற காகிதக் கப்பைத் தரையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். நேராகப் போகாது, வளைந்து சுற்றி வரும். வாய்ப்பக்கம் அகலம், அடிப்பக்கம் குறுகல். ஒரே சுற்றில் அகலமான பக்கம் அதிக தூரம் போய்விடுகிறது. அமெரிக்காவில் நீள்வட்டத் தடங்களில் ஓடும் கார்களுக்கு இந்தத் தந்திரத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். சக்கரங்கள் மூடியில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கார்கள் அவை. பின்பக்க வலது டயர் இடது டயரைவிடக் கொஞ்சம் பெரியது. அதனால் கார் தானாகவே இடப்பக்கம் சாயும். வளைவில் அது வரம். நேர்ப்பாதையிலோ ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நேராகப் போவதுதான் அங்கே உழைப்பு.*

* அன்புராஜ் ஓட்டுவது நிஜக் காரை அல்ல. கும்மிடிப்பூண்டி பஜாரில் பரசுராமனின் டூவீலர் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் நான்கு ஸ்டியரிங்குகளும் பெடல்களும் திரைகளும் உண்டு. கணினிக்குள் ஓடும் பந்தயம். மற்றவர்கள் அவரவர் வீட்டிலிருந்து சேர்ந்துகொள்வார்கள். இதை 'கேம்' என்று சொன்னால் அன்புராஜ் உங்களோடு அன்று முழுதும் பேச மாட்டான்.

3

அன்புராஜ் சிப்காட்டில் கார் உதிரிபாகம் கடையும் தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். ஹெலன் அங்கேயே தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். கேண்டீனில் ஒருநாள் அவன் போனில் அமெரிக்கப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் தட்டை வைத்தாள்.

"இன்னா இது, செக்குமாடு மாரி ஒரே பக்கமா சுத்திக்கினு கீறானுங்கோ?"

"செக்குமாடு இருநூறு மைல் வேகத்துல சுத்துமா?"

"சரி, அந்தாளு யாரு? கூரை மேல நின்னுக்கினு பேசிக்கினே கீறானே?"

அந்தக் கேள்வியில்தான் அவன் விழுந்தான். கேட்டவர்கள் எல்லோரும் காரைப் பற்றிக் கேட்பார்கள். இவள் கூரை மேல் நிற்கிறவனைப் பற்றிக் கேட்டாள்.

பார்வையாளர் மாடத்தின் கூரை மேல் நிற்பவன் ஸ்பாட்டர். ஓட்டுகிறவருக்குப் பக்கவாட்டில் பார்வை கிடையாது. உள்பக்கம், அதாவது இடப்பக்கம், ஒரு கார் ஒட்டிக்கொண்டு வந்தால் தெரியாது. ஸ்பாட்டர் மேலேயிருந்து பார்த்து ரேடியோவில் சொல்வான்: உள்ளே இருக்கிறான், வெளியே இருக்கிறான், இப்போது பாதை காலி. அதை நம்பி ஓட்டுகிறவர் திரும்புவார். வேறு கண் அவருக்கு இல்லை.

ஹெலன் அன்புராஜுக்கு ஸ்பாட்டர் ஆனாள். வேப்பம்பட்டு வீட்டிலிருந்து, போனில் தடம் முழுவதையும் பார்த்தபடி, ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகும் முன். உறவுக்காரக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போன நாளில் ரயிலிலிருந்து. நாளடைவில் இருவரும் தங்களுக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். மற்ற ஸ்பாட்டர்கள் பாதை காலியானால் 'க்ளியர்' என்பார்கள். ஹெலன் சொல்ல மாட்டாள். ஆள் இருந்தால் சொல்வாள். ஒன்றும் சொல்லாவிட்டால் பாதை காலி, நீ திரும்பலாம் என்று அர்த்தம்.

"வாய் வலிக்குமா ஒரு வார்த்த சொன்னா?" என்று அவன் ஆரம்பத்தில் கேட்டான்.

"ஆளு இல்லாததுக்கு இன்னாத்துக்குப் பேசணும்? நான் சும்மா இருந்தா எல்லாம் நல்லா கீதுன்னு வச்சிக்கோ."

பிறகு அவளுக்குக் காக்களூரில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. கேண்டீன் போயிற்று. ஞாயிறு காலை ஒன்றுதான் மிச்சம். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் பேசாமல் இருக்கும் துண்டுகளில் அவளுடைய மூச்சு அவனுக்குக் கேட்கும். பின்னால் குக்கர் விசில். யாரோ "ஹெலனு, நாஷ்டா ஆறுது" என்று கூப்பிடுவது. வாரம் முழுவதும் அவன் காத்திருந்தது அதற்காக. இதை அவளிடம் சொன்னானா? இல்லை. சொல்லும்படி எழுதிப் பார்த்தேன். அவன் வாயில் எந்த வசனமும் நிற்கவில்லை.

4

இப்போது சண்டை. முதலில் அமெரிக்கச் சண்டை, ஏனென்றால் அது நிஜம்.

1996-இல் அங்கே இந்தப் பந்தயம் இரண்டாக உடைந்தது. இண்டியானாபொலிஸ் தடத்தை வைத்திருந்தவர்கள், நீள்வட்டத் தடங்களுக்கே முதலிடம் என்று தனி அமைப்பு தொடங்கினார்கள். தங்கள் பெரிய பந்தயத்தின் பெரும்பாலான இடங்களைத் தங்கள் அமைப்பில் ஓடுகிறவர்களுக்கு ஒதுக்கினார்கள். பழைய அமைப்பின் அணிகள் கோபித்துக்கொண்டு, அதே நாளில் மிச்சிகனில் போட்டிப் பந்தயம் வைத்தன. அங்கே பச்சைக்கொடி அசைவதற்கு முன்பே கார்கள் ஒன்றோடொன்று மோதிச் சிதறின. ரசிகர்கள் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் மெல்ல விலகிப் போனார்கள். ஒன்று சேரப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று.

இதைப் படித்துவிட்டுத்தான் பரசுராமனை உருவாக்கினேன். இடம் அவருடையது, லீக் அவருடையது, விதிகளும் அவருடையவை. அவரை முதலில் வில்லனாக எழுதினேன். சரிவரவில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்து எல்லோருக்கும் டீ சொல்லி, திரைகளைத் தம் சட்டையால் துடைத்து வைக்கிற மனிதர் எப்படி வில்லன் ஆவார்?

சீசன் நடுவில் ஒரு கூட்டம். மோதல் நடந்தால் யார் தப்பென்று முடிவு செய்வது பரசுராமன்தான். அவரும் ஓட்டுகிறவர். விமல் என்கிற ஐ.டி. பையன் அதை எதிர்த்தான். அன்று ஹெலனும் பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்து வந்திருந்தாள். அன்புராஜுக்குப் பக்கத்து நாற்காலி.

அவள் கையைத் தூக்கினாள். "அண்ணே, ஓட்றவரே தீர்ப்பும் சொன்னா சரியா வராதுண்ணே. வெளியிலேர்ந்து பாக்கறதுக்குத் தனியா ஒரு ஆளு வேணும்."

பரசுராமன் சிரித்தார். "அம்மாடி, இது ஓட்றவங்கோ மீட்டிங்கு. நீ காதுல பேசற பொண்ணு. இங்க இன்னாத்துக்குப் பேஜாரு பண்ணிக்கினு?"

மாடி முழுதும் சிரித்தது. ஹெலன் அன்புராஜ் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அன்புராஜ் ஸ்டியரிங்குகள் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் சொந்தமாக ஸ்டியரிங் கிடையாது. இந்த மாடியை விட்டால் அவனுக்கு ஓட்ட வேறிடம் இல்லை.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.

[இந்த இடத்தில் எனக்கு அவன் மீது நம்பிக்கை போயிற்று. 'அன்புராஜ் எழுந்து, "அவ சொல்றதுதான் கரெக்ட்டு" என்றான்' என்று மாற்றி எழுதினேன். அதை எழுதியவன் நான், அவன் அல்ல. அடித்துவிட்டேன்.]

5

அடுத்த வாரம் விமல் தனி லீக் தொடங்கினான். அதில் பந்தயக் கட்டுப்பாடு என்று ஒரு பதவி. இருபது கார்களையும் மேலேயிருந்து பார்த்து, மோதினால் மஞ்சள்கொடி காட்டி, யார் தப்பென்று சொல்லித் தண்டனை கொடுக்கும் பதவி. அதை ஹெலனுக்குக் கொடுத்தான். அவள் ஒப்புக்கொண்டாள்.

"அங்க போற எவனும் இங்க உக்காரக் கூடாது நைனா" என்று பரசுராமன் அறிவித்தார். விமலின் பந்தயம் எந்த ஞாயிறு எத்தனை மணிக்கோ, அதே நேரத்தில் தன்னுடையதையும் வைத்தார். இதை அவர் மிச்சிகனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

அன்புராஜ் அவளுக்குப் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. அவள் சும்மா இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஹெட்போனை மாட்டும்போது காது குளிர்ந்து கிடந்தது. தொழிற்சாலையில் மெஷின் ஓடும்போது, அந்தச் சத்தத்துக்கு அடியில் ஒரு குக்கர் விசிலைத் தேடினான்.

6

கடைசிப் பந்தயம். வென்றால் சீசன் அன்புராஜுக்கு. அவனுக்கு இப்போது ஸ்பாட்டர் எட்வர்ட். அதே ஷிஃப்டில் வேலை செய்பவன், நல்லவன், வாய் மூடாதவன்.

"மச்சான் வெளிய கீறான், பாத்துக்கோ, இன்னும் கீறான், மச்சான் க்ளியரு க்ளியரு, சூப்பரு, ஆங், உள்ள வரான்டா, உள்ள..."

எரிச்சலாக இருந்தாலும் வேலை ஆயிற்று. அன்புராஜ் இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டான். முன்னால் ஒரே ஒரு கார்.* கடைசிச் சுற்றுகள். உள்பக்கம் இறங்கினால் முந்திவிடலாம்.

* முன்னால் போகிற கார் காற்றைப் பிளந்துகொண்டு போகும். பின்னால் ஒட்டிப் போகிறவருக்குக் காற்றின் தடை குறையும். முந்துவதற்கான வேகம் அங்கேதான் கிடைக்கிறது. பின்தங்கியிருப்பதில் ஒரு லாபம்.

அந்த நேரத்தில் யாரோ எட்வர்டுக்கு டீ நீட்டினார்கள். எட்வர்ட் வாங்கி ஒரு வாய் குடித்தான்.

அன்புராஜின் காது அமைதியானது.

அந்த அமைதி அவனுக்குப் பழக்கமானது. நெடுநாள் கழித்து வந்தது. அவன் யோசிக்கவில்லை. பாதை காலி. ஸ்டியரிங்கை இடப்பக்கம் விட்டான். அந்தக் கார் எப்போதும் போக ஏங்கிய பக்கம்.

உள்ளே ஒரு கார் இருந்தது.

"மச்சான், நான் இன்னும் சொல்லவே இல்லியேடா!" என்று எட்வர்ட் டீயோடு எழுந்தான். "க்ளியர்னு நான் எங்கடா சொன்னேன்?"

மூன்று கார்கள் சுவரில். சீசன் முடிந்தது. தப்பு யாருடையது என்று பரசுராமன் உடனே தீர்ப்புச் சொன்னார். அது சரியான தீர்ப்புதான்.

7

அன்புராஜ் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தான். போனில் விமலின் லீக்கின் நேரலையை எடுத்தான். அங்கே பந்தயம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஹெலனின் குரல் கேட்டது. அவன் கேட்டே இராத ஹெலன்.

"ஏழாம் நம்பர், வேகத்தக் கொறைங்க. பன்னெண்டு, பதினாலு, வரிசையில நில்லுங்க. யாரும் முந்தக் கூடாது. மஞ்சள்கொடி."

எல்லோரும் கேட்டார்கள். அவள் யாருடைய காதிலும் இல்லை, எல்லோருக்கும் மேலே இருந்தாள். அது அவளுக்குப் பொருந்தியிருந்தது. அது அவனுக்கு வலித்தது.

பந்தயம் முடிந்ததும் அழைத்தான். எடுத்தாள்.

"இன்னா அன்பு, மோதிட்டியாமே?"

"அதுக்குள்ள தெரிஞ்சிடுச்சா?"

"எட்வர்டு குரூப்புல போட்டு அழுவறான். உள்ள ஒருத்தன் கீறான், இன்னாத்துக்கு எறங்குன?"

"எட்வர்டு பேசல. அமைதியா இருந்துது. அதான்..."

அவளுக்குப் புரிந்தது.

"நீ எதுக்கு என்ன உட்டுட்டுப் போன?" என்று அவன் கேட்டுவிட்டான்.

"மீட்டிங்குல நான் உன்னப் பாத்தேன். நீ ஒண்ணும் சொல்லல. நம்ம கணக்குல அதுக்கு இன்னா அர்த்தம்?"

அன்புராஜ் படியில் அடுத்த படிக்கு இறங்கி உட்கார்ந்தான், இடம் மாறினால் பதில் வரும் என்பது போல.

"பக்கத்துல யாரும் இல்லன்னு அர்த்தம். நான் போய்ட்டேன்" என்று அவளே சொன்னாள்.

8

முடிவுகள்.

அ) இரண்டு லீக்கும் ஒன்று சேர்கின்றன. அமெரிக்காவில் சேர்ந்தன. ஆனால் லீக்குகள் சேர்ந்தால் ஆட்களும் சேர்ந்துவிடுவார்கள் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

ஆ) ஹெலன் பதவியை விட்டுவிட்டு அவன் காதுக்குத் திரும்புகிறாள். இதை எழுதி முடித்துப் படித்தேன். வெட்கமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

இ) அன்புராஜ் எப்படியோ சொந்தமாக ஒரு ஸ்டியரிங் வாங்கி, விமலின் லீக்கில் சேர்ந்து ஓட்டுகிறான். அவள் குரல் கிடைக்கும். ஆனால் ஒரு நம்பராகத்தான் கூப்பிடுவாள்.

இந்த மூன்றையும் யோசித்துக்கொண்டிருந்தபோது அன்புராஜ் என்னை மீறி வாயைத் திறந்தான்.

"ஹெலன், இருபது காரையும் ஒரே ஆளா எப்டிப் பாக்கற?"

"கஷ்டந்தான். பின்னாடி நடக்கறது கண்ணுல மாட்றதில்ல. வாரத்துக்கு ரெண்டு தப்ப உட்டுடறேன்."

"நான் பாத்துச் சொல்லட்டா? நீ முன்னாடி பாரு. நான் பின்னாடி பாக்கறேன். பாக்கறத எல்லாம் சொல்றேன். ஆளு இருந்தாலும் சொல்றேன், இல்லன்னாலும் சொல்றேன்."

"அப்ப நீ ஓட்ட மாட்டியா?"

"ஓட்ட மாட்டேன்."

"பரசுராமண்ணன் உன்ன மாடியேற உட மாட்டாரு."

"தெரியும்."

"உனக்கு அத உட்டா வேற இன்னா கீது அன்பு?"

"அதுக்குத்தான் கேக்கறேன்."

தூரத்தில் வேப்பம்பட்டில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"சர்ச்சுக்கு நேரமாச்சு. நான் யோசிக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

9

அவள் யோசிப்பதை நான் எழுதப் போவதில்லை. இந்தக் கதை முழுக்க நான் அன்புராஜ் பக்கமே நின்றேன். அவனுடைய காதில் என்ன விழுந்தது, என்ன விழவில்லை என்றே கணக்குப் பார்த்தேன். அவள் வீட்டுக்குள் குக்கர் விசிலைத் தாண்டி ஓரடி கூடப் போகவில்லை. இப்போது கடைசிப் பக்கத்தில் அவள் தலைக்குள் நுழைந்து ஒரு பதிலைத் தூக்கிக்கொண்டு வந்தால் அது திருட்டு.

உங்களில் யாராவது அவள் பக்கம் போய் நிற்பதாக இருந்தால் இங்கிருந்து எழுதுங்கள். அவள் சரி என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம், உனக்கு ஏன் இவ்வளவு நாள் ஆயிற்று என்று திட்டவும் திட்டலாம். ஒரே நிபந்தனை: அவளை அவசரப்படுத்தாதீர்கள்.

அன்புராஜை நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் மாடிப்படியை விட்டிறங்கி, பஜாரைக் கடந்து, ஜி.என்.டி. சாலையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கிறான். சரக்கு லாரிகள் ஆந்திரா பக்கம் போகின்றன. இந்த இரைச்சலில் மணியடித்தால் கேட்காதோ என்று, போனின் சத்தத்தை முழுதாகக் கூட்டி, சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கையிலேயே வைத்துக்கொள்கிறான்.