ஒப்படைக்க ஒரு துப்பாக்கி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் தங்கையும் கதை எழுதுகிறாள். போன மாதம் அவளுக்கு ஒரு பரிசு. வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்து நான் எழுதிய முதல் வரி: ‘ஜவ்வாது மலையில் மூடுபனி இறங்கி’

அடித்துவிட்டேன். பனிக்கும் எனக்கும் என்ன பேச்சு? வயிறு எரிகிற ஒரு ஆள்தான் எனக்கு வேண்டும்.

2

அவன் அருணகிரி. மலையில் சாமை விதைக்கிறவன். அப்பா சாகும்போது, காட்டுப்பன்றி விரட்டும் நாட்டுத் துப்பாக்கியைத் தம்பி வெற்றிச்செல்வன் கையில் கொடுத்துவிட்டார். உரிமம் இல்லாத துப்பாக்கிதான். ஆனாலும் மூத்தவன் கல்லுமாதிரி இருக்கும்போது இளையவனுக்கா? (அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். அருணகிரிக்கும் காரணம் தெரியாது. அதுதான் அவனை அரிக்கிறது.)

சட்டத்தில் தண்டனை கூடிவிட்டது, உரிமம் இல்லாத துப்பாக்கிகளை ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் மைதானத்தில் ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்றது போலீஸ். எல்லாரும் ஒப்படைக்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் வந்தது. முதலில் கை தூக்கியவன் அருணகிரி.

“துப்பாக்கி இன்னாத்துக்கு? மனுசன் உசுரு முக்கியம்!”

ஊரே தலையாட்டியது. தம்பியிடம் இருப்பது ஒழியட்டும் என்பதுதான் அவன் நினைப்பு. (தூக்கிய கைகளை எண்ணுவார்கள். ஏன் தூக்கினாய் என்று எந்தச் சபையும் கேட்பதில்லை.)

3

வெற்றிச்செல்வன் முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். இன்ஸ்பெக்டர் சால்வை போர்த்தினார். எல்லார் செல்போனிலும் அந்தப் படம்.

“கொழுந்தனைப் பாருங்க, இன்னா சோக்கா நிக்கறான்!” என்று அருணகிரியின் மனைவி சுந்தரம்மாள் காட்டினாள்.

அருணகிரிக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் திருட்டுத்தனமாக வைத்திருந்தவனுக்குச் சால்வை. தொட்டே பார்க்காதவனுக்கு ஒன்றுமில்லை. ஒப்படைக்க அவனிடம் ஒரு துப்பாக்கிகூட இல்லையே! அதனால் அவன்

(இங்கே அவனை நிறுத்தப் பார்த்தேன். சுந்தரம்மாளை விட்டு நாலு திட்டு திட்டவும் வைத்தேன். கேட்கவில்லை.)

4

அடுத்த ஊரில் சுந்தரம்மாளின் தம்பி மோகன், பரணில் ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு பயந்து கிடந்தான்.

“எங்கிட்ட குடு மோகன். என் பேர்ல ஒப்படைச்சிடறேன்.”

“தாராளமா எடுத்துக்கினு போ மாமா. குழல்ல வெடிமருந்து கெட்டிச்சிருக்கா இல்லியான்னு நெனப்பில்ல. பாத்து.”

சட்டத்துக்குப் பயந்து ஊரே துப்பாக்கியை விட்ட வாரத்தில், அருணகிரி கைக்கு முதல்முறையாக ஒன்று வந்தது. கோணியில் சுற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மாலை மைதானத்துக்கு நடந்தான். எதிரே வெற்றிச்செல்வன் வந்தான்.

“இன்னாண்ணா கோணில?”

“துப்பாக்கி. ஒப்படைக்கப் போறேன்.”

“உனக்கேது? ஆயிரம் கேள்வி கேப்பாங்கண்ணா, மாட்டிக்குவ. இன்ஸ்பெக்டர் எனக்குப் பழக்கம். நான் குடுத்துட்டு வர்றேன், நீ வூட்டுக்குப் போ.”

அக்கறையாகத்தான் சொன்னான். கோணியின் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்தான். குழல் அவன் நெஞ்சுக்கு நேராக வந்தது. மறுமுனையில், சாக்குக்குள் விசைமேல் இருந்தது அருணகிரியின் விரல். இதையும் இவனே வாங்கிக்கொள்வானா?

5

முதல் முடிவு: அருணகிரி விட்டுவிடுகிறான். தம்பிக்கு இரண்டாவது சால்வை. எழுதிப் பார்த்தேன், எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாவது முடிவு: அருணகிரியின் விரல்

இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்க ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை எழுத என் கை துடிக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. இந்த முடிவு என்னிடம் இருக்கக் கூடாது. இந்தாருங்கள், நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்த்துப் பிடியுங்கள். குழல் உங்கள் பக்கம் இருக்கிறது.