சத்தமில்லாமல் விழுந்த முடி

பதினாலு வருஷம் தீயணைப்பு வேலையில் இருந்தவன் ஒரு சவரக்கத்தியைப் பார்த்துப் பயந்தான் என்று சொன்னால், என்கூட வேலை பார்ப்பவர்கள் ஒரு மாதம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் தாடையில் தொடைத் தோலை எடுத்து ஒட்டித் தைத்திருந்தால் தெரியும்.

போன வருஷம் ஒரு பெயின்ட் கிடங்கில், எரிந்து விழுந்த உத்தரம் என் இடது தாடையை உரசிவிட்டுப் போனது. ஒட்டுப்போட்ட தோலில் முடி முளைப்பதில்லை. ஆனால் தையல் ஓடிய ஓரம் முழுக்க முளைக்கிறது, அதுவும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு. எங்கள் சுவாச முகமூடியின் ரப்பர் விளிம்பு சரியாக அந்தக் கோட்டில்தான் உட்காரும். அங்கே கொஞ்சம் முடி நின்றாலும் புகை உள்ளே வந்துவிடும். மெஷின் போட்டால் முள் நிற்கிறது, பிளேடு போட்டால் தையல் கிழிகிறது. முகமூடிச் சோதனையில் இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவதும் கடைசியுமான சோதனை இன்று பதினோரு மணிக்கு. தோற்றால், ரிட்டயர் ஆகும்வரை நாற்காலியில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டியதுதான்.

அதனால்தான் காலை ஏழு மணிக்கே அக்காவின் சலூனில் இருந்தேன். என்னை உள்ளே விட்டதும் அவள் கதவில் தொங்கிய அட்டையை 'மூடியுள்ளது' பக்கம் திருப்பினாள்.

மூன்று மாதம் முன்பு, கடையில் எல்லோருக்கும் போடும் மாற்று பிளேடால் எனக்கும் சவரம் செய்தாள். தையலோரம் கிழிந்து துண்டு நனைந்துபோனது. அதிலிருந்து அவள் என் முகத்தைத் தொடவே இல்லை. தொடாமல் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. மேஜைமேல் மடக்குச் சவரக்கத்தி ஒன்று, பக்கத்தில் இரண்டு கற்கள்.

"மூணு மாசமா கல்லுல தேய்ச்சுக்கிட்டா இருந்தே? அத்தானுக்குச் சோறாவது போட்டியா?"

"அவருக்குக் கை இருக்கு. நீ வாயை மூடிட்டு உட்காரு."

இரண்டுமே மலையில் வெட்டி எடுத்த கற்கள். ஒன்று வெண்ணெய் நிறம், இன்னொன்று கறுப்பு. வெண்ணெய்க் கல்லை நனைத்து, அதே கல்லின் சின்னத் துண்டு ஒன்றால் தேய்த்தாள். பால் மாதிரி ஒரு குழம்பு ஊறி வந்தது. கத்தியைப் படுக்கப் போட்டு, முதுகும் விளிம்பும் ஒன்றாகக் கல்லில் படும்படி தள்ளினாள். முதுகின்மேலேயே புரட்டி, திரும்ப இழுத்தாள். பால் சாம்பல் நிறமானது. கரைவது இரும்பு என்று புரிந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நாலைந்து தடவைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர். குழம்பு மெலிய மெலிய, முதலில் 'சர்' என்றிருந்த சத்தம் 'ஸ்' என்றானது. கடைசியில் வெறும் தண்ணீர்தான், சத்தமே இல்லை. சினிமாவில்கூட அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார முடியாதவன் நான். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கறுப்புக் கல்லுக்கு வந்ததும் அவள் குரலும் இறங்கிவிட்டது. "இனிமே கத்தியோட கனம் மட்டும்தான். என் கனம் சேரக் கூடாது."

கொஞ்ச நேரத்தில் கத்தி கல்லை விட மறுத்தது. அவள் மெல்ல நழுவவிட்டுத்தான் எடுக்க முடிந்தது.

"பிடிச்சுக்குதுடா," என்றாள். "நடுவுல காத்துக்கு இடமில்ல."

தோல் வாரில் இழுத்துத் துடைத்துக் கத்தியை வைத்துவிட்டு, வெந்நீர் போட உள்ளே போனாள். நான் கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். விளிம்பு எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. என் கை சும்மா இருக்கக் கூடாதா? கட்டைவிரல் நகத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். ஸ்டேஷனில் கோடரி தீட்டினால் அப்படித்தான் பார்ப்போம். நகம் சுருளாக வந்தது. திருப்தியாகக் கத்தியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா வந்தாள். தன் தலையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கி, நுனியைப் பிடித்து, கத்தி விளிம்பில் கைப்பிடி ஓரமாக மெதுவாக வைத்தாள். வெட்டவில்லை, வைத்தாள், அவ்வளவுதான். பாதி முடி கீழே விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நடுவில் வைத்தாள், அங்கேயும் விழுந்தது. கத்தி நுனிக்கு ஒரு அங்குலம் முன்னால் வைத்தபோது 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது, முடி அறுபடாமல் மடங்கியது. இன்னொரு தரம் வைத்தாள். மறுபடி 'டிக்'.

என்னைப் பார்த்தாள். "நகத்துல இழுத்தியா?"

"யாரு, நானா?"

"கையைக் காட்டு."

காட்டினேன். கட்டைவிரலில் வெள்ளைக் கோடு பளிச்சென்று இருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் வெண்ணெய்க் கல்லில் தண்ணீரை ஊற்றினாள்.

"அக்கா, மணி எட்டரை! ஒரு நூல் அகலம்தானே மழுங்கியிருக்கு, அதை விட்டுட்டு மிச்சத்தால எடேன்."

"பென்சிலா சீவுறேன்? உன் மூஞ்சிடா இது."

மறுபடி முதலிலிருந்து பால், சாம்பல், தண்ணீர். கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரே அழுத்தம், ஒரே வேகம், அவசரமே இல்லை. எரிகிற மாடிப்படியில் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் ஏறியிருக்கிறேன். இப்படி ஒரு பொறுமையைப் பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த அக்காமேல் முதல் முறையாக மரியாதை வந்தது. என் புத்தியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் கறுப்புக் கல் மறுபடி கத்தியைப் பிடித்துக்கொண்டது. வாரில் இழுத்தபின் ஐந்து இடத்தில் ஐந்து முடி வைத்தாள். ஐந்தும் சத்தமில்லாமல் விழுந்தன.

"இன்னொரு வாட்டி நீ சோதிச்சுப் பார்த்தா, அப்புறம் எனக்கு மொட்டைதான்," என்றாள்.

நுரை போட்டு, தாடைத் தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கத்தி எப்போது படும் என்று காத்திருந்தேன். காத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கண்ணைத் திறந்தால், கத்தியில் நுரையும் அதில் கறுப்புக் கறுப்பாக முடியும். தையலோரத்தில் பாதியைத் தாண்டியிருந்தாள். ஓரிடத்தில் மேலிருந்து, ஓரிடத்தில் பக்கவாட்டில், முடி பார்த்த பக்கமெல்லாம் கையும் திரும்பியது. கத்தி பட்டதே எனக்குத் தெரியவில்லை.

முடிந்ததும் வெள்ளைத் துண்டைத் தையல்மேல் ஒத்தி எடுத்துப் பார்த்தாள். மடித்து இன்னொரு பக்கத்தால் ஒத்தினாள். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அதே துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அவள் தோளைத் தொட்டேன். "ஓடு, நேரமாச்சு," என்றாள் துண்டுக்குள்ளிருந்தே.

பதினோரு மணி. சோதனை அதிகாரி முகமூடியின் வார்களை இழுத்துக் கட்டினார். காற்று வரும் வழியை உள்ளங்கையால் அடைத்து, "உள்ள இழுத்து அப்படியே நில்லுங்க," என்றார். இழுத்தேன். முகமூடி என் முகத்தோடு ஒட்டியது. இந்த இடத்தில்தான் இரண்டு தடவையும் இடது தாடையில் 'புஸ்' என்று கேட்டது. அவர் எண்ண ஆரம்பித்தார். மூன்று, நான்கு. இடது பக்கம் குனிந்து காதை வைத்துக் கேட்டார். ஏழு, எட்டு. பத்து வந்தபிறகும் கையை எடுக்காமல் ரப்பர் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் கையை எடுத்து, தாளில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா, பிடிச்சுக்கிச்சு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி ஏழு மணிக்கு வந்துடு," என்றாள். "நகத்தை ஒட்ட வெட்டிட்டு வா."