மாமா சொல்லிக்கொடுத்த விரதம்

என் தாய்மாமா குந்துநாதன் பெரிய மூளைக்காரர் என்று காஞ்சிபுரத்தில் ஒரு பேச்சு இருந்தது. அவர் கடையில் கச்சாப் பட்டு வாங்கும் நெசவாளர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? மூன்று வருடம் அவர் வீட்டில் தங்கி காலேஜுக்குப் போன எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

1974. பி.ஏ. முடித்து ஒரு வருடமாகத் தாமல் பக்கத்து எங்கள் ஊரில் கடலைக் கொல்லையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் டிப்ளமா படித்துவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு எழுதவேண்டும் என்பது என் எண்ணம். பெண்களையும் போலீஸில் எடுக்க அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள்.

அந்த எண்ணம் சும்மா வரவில்லை. கூடப் படித்த அம்சாவை அவள் புருஷன் மண்டை பிளக்க அடித்தபோது நான்தான் அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனேன். ஏட்டு அவள் தலையில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் எட்டிப்பார்த்தார். "ஆம்பள யாரும் கூட வரலியா?" என்றார். அவ்வளவுதான் விசாரணை. பேனாவைத் திறக்கக்கூட இல்லை அந்த மனுஷன். அந்த நாற்காலியில் நான் உட்காரவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

விண்ணப்பத்துக்கு இரண்டு தேவை. ஒன்று அப்பாவின் கையெழுத்து. இன்னொன்று என் டிகிரி சர்ட்டிபிகேட். பத்திரமாக இருக்கட்டும் என்று மாமா அதை வாங்கித் தன் பீரோவில் வைத்திருந்தார். அப்பாவோ, மச்சான் தும்மினால் இங்கே போர்வை தேடுகிறவர். "மாமா சரின்னு சொல்லட்டும்மா, அப்பால போடுறேன்" என்றார்.

மாமா எப்படிச் சரி என்பார்? அவர் மகன் ஜீவந்தரனுக்கு என்னைக் கட்டிவைப்பதாக அவரே முடிவு செய்திருந்தார். ஜீவந்தரன் எஸ்.எஸ்.எல்.சி.யை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் பரீட்சைத் தாளுக்குக் கெடுதல் செய்தவன். தலை வாருவதில் மட்டும் நல்ல தேர்ச்சி. பெங்களூர் வியாபாரிகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத கடைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. சம்பளத்துக்கு ஆள் வைப்பதைவிட மருமகள் மேல் என்று மாமாவின் பெரிய மூளை கண்டுபிடித்திருந்தது.

கடைக்குப் போய்க் கேட்டேன். பட்டு நூல் கட்டுகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"லத்தி புடிக்கிற வேலையா? எறும்ப மிதிச்சாலே பாவம்னு இருக்கிற குலம் நம்முது. நீ மனுஷன அடிக்கப் போறியா?"

ஒவ்வொரு கட்டுக்கும் எத்தனை ஆயிரம் புழு கொதிநீரில் வெந்தது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். கணக்கில் எடுக்கவேண்டிய உயிர் எது என்று அவரே தீர்மானித்து வைத்திருந்தார்.

"சர்ட்டிபிகேட் என்னுது மாமா."

"யாரு இல்லன்னா? அட்சய திருதியைக்குக் கோயிலுக்கு வா. நாலு பேர் முன்னால அகிம்சை விரதம் ஒண்ணு எடுத்துக்கோ. எடுத்த அந்த நிமிஷமே சர்ட்டிபிகேட் உன் கையில. எங்க வேணா எடுத்துக்கினு போ."

விரதம் என்றால் சமணர்களான எங்களில் விளையாட்டல்ல. ஜினர் சந்நிதியில் நின்று, கோயில் பூசை செய்யும் உபாத்தியாயர் கேட்க, எடுப்பவர் தன் வாயாலேயே சொல்லவேண்டும். ஒருவர் கத்தரிக்காயை விட்டேன் என்று சொன்னால் சாகும்வரை கத்தரிக்காய் கிடையாது. சொன்னதைத் திரும்பப் பெற வழியே இல்லை. ஆயுதம் தொடமாட்டேன் என்று என்னைச் சொல்லவைத்துவிட்டால் சர்ட்டிபிகேட்டை வைத்து நான் விசிறிக்கொள்ள வேண்டியதுதான். மாமாவின் திட்டம் கூரை ஓட்டை போலத் தெரிந்தது. சம்மதித்தேன்.

அட்சய திருதியை அன்று திருப்பருத்திக்குன்றம் கோயிலில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அம்மா இந்திரா தன் கல்யாணப் பட்டைக் கட்டி வந்திருந்தாள். ஜீவந்தரன் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை; தலை வழக்கம்போல. மாமா எல்லாரும் கேட்க அறிவித்தார்: "எங்க தயாவதி அகிம்சை விரதம் எடுத்துக்கிறா. எடுத்ததும் அவ சர்ட்டிபிகேட்ட நான் குடுத்துடறேன்." கவரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டவும் செய்தார். பெருந்தன்மையை நாலு பேர் பார்க்கவேண்டாமா!

"எதை விடுகிறாய் அம்மா?" என்று உபாத்தியாயர் கேட்டார்.

"ஆயுதம்னு சொல்லு," மாமா என் காதுக்குப் பின்னால் முணுமுணுத்தார்.

நான் கைகூப்பினேன். "உயிரைக் கொதிநீரில் போட்டு எடுக்கும் பட்டை இந்த உடம்பு உள்ளவரை உடுத்தமாட்டேன். பட்டு விற்கும் வீட்டில் ஒரு வேளையும் உண்ணமாட்டேன்."

அத்தைமார்கள் முந்தானையை மடிக்குள் சுருட்டுவதைப் பார்க்கவேண்டும்! ஜீவந்தரனுக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. அவனுக்குப் புரியும்படி எதுவும் எப்போதும் நடந்ததில்லை.

"இது செல்லாது சாமி," என்றார் மாமா. "நான் சொல்லச் சொன்னது வேற."

"எடுப்பவர் வாயால் வந்ததுதான் விரதம்," என்றார் உபாத்தியாயர். "அகிம்சைதானே? ஏற்றாயிற்று."

தன் வீட்டில் ஒரு வாய் சோறு உண்ணாதவளை எந்தக் கடைக்காரன் மருமகளாக்குவான்? வெளியே வந்ததும் நான் இடுப்பில் மடித்து வைத்திருந்த விண்ணப்பத்தை அப்பாவிடம் நீட்டினேன். அவர் மச்சானின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் உத்தரவு எதுவும் இல்லாததால் சட்டைப்பையைத் தடவினார். பேனா இல்லை. வாழ்நாளில் ஒரு தடவையாவது தயாராக வரக்கூடாதா இந்த மனுஷன் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

மாமாதான் தன் பேனாவைக் கழற்றிக் கொடுத்தார். அப்பா தூணில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மாமா கவரை என் கையில் வைத்தார். கத்துவார், சாபம் விடுவார் என்று பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். புழுக்கள் மேல் எனக்குத் துளி இரக்கமும் கிடையாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று கண்ணைப் பார்த்தே புரிந்தது.

"மூணு வருஷம் என் வூட்ல சாப்ட," என்றார். குரல் உயரவில்லை. "பொழுது சாயறதுக்குள்ள நீ சாப்ட்டுடணுமேன்னு உங்க மாமி தினம், நீ காலேஜ்லேர்ந்து வர்றவரைக்கும், சட்டிய மூடி வெச்சிக்கினு வாசல்ல நிப்பா. அவகிட்ட நான் இன்னான்னு சொல்றது தயா?"

மாமி அன்று கோயிலுக்கு வரவில்லை. நாங்கள் எல்லாரும் வந்து சாப்பிடுவதற்காக வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். அதை நான் யோசிக்கவே இல்லை.

மாமா பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு, மற்றவர்களை அழைத்துக்கொண்டு சாப்பிடப் போனார். நான் கவரை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன்.