மீசைப் பந்தயம்

தீப்பெட்டி இல்லாமல் தீ மூட்டுவேன், முடியாவிட்டால் மீசையை எடுத்துவிடுவேன் என்று ராசாங்கம் சவால் விட்டதும் அம்சவள்ளி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கல்யாணமாகி முதல் முறையாக வரதராஜன்பேட்டைக்கு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை இப்படியா வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது! பெண் பார்க்க வந்த அன்று அவள் நிமிர்ந்து பார்த்ததே அந்த மீசையைத்தான்.

"மூட்டிட்டீங்கன்னா என் மீசையை எடுக்கறேன் மாப்ள," என்று அவள் அண்ணன் செல்லதுரையும் முறுக்கிக்கொண்டான்.

முந்திரித் தோப்பில் சருகைக் குவித்து, சுடுவதற்குக் கொட்டைகளையும் போட்டாயிற்று. ஊர்ப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ராசாங்கம் பெரம்பலூரில் டீசல் இன்ஜின் மெக்கானிக். மடியிலிருந்து ஒரு முனை அடைத்த பித்தளைக் குழாயை எடுத்தான். அதற்குள் இறுக்கமாக நுழைகிற, நூல் சுற்றிய தண்டு ஒன்று. தண்டின் நுனிக் குழியில் கருக்கிய துணித் துணுக்கு.

"டீசல் இன்ஜின்ல ஏது மச்சான் தீக்குச்சி? காத்தை ஒரே அமுக்கா அமுக்குனா சூடேறிப் பத்திக்கும். இதுவும் அதே கதைதான்."

தண்டைக் குழாய்க்குள் ஓங்கி ஒரு குத்து. உருவிப் பார்த்தான். ம்ஹூம். இன்னொரு குத்து. அதுவும் ம்ஹூம்.

"மீசையை நனைக்கத் தண்ணி கொண்டாரட்டுமா மாப்ள?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்சவள்ளிக்கு அண்ணன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ராசாங்கம் தண்டில் சுற்றிய நூலைத் தடவிப் பார்த்தான். காய்ந்துபோய்க் காற்றை விட்டுவிடுகிறது. சட்டென்று அம்சவள்ளியின் தலையில் வழிந்த தேங்காயெண்ணெயை விரலால் வழித்து நூலில் தடவிக்கொண்டான். அத்தனை பேர் முன்னாலும்! அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது.

டப்!

உருவினான். துணி சிவப்பாகக் கனிந்திருந்தது.

"பத்திக்கிச்சு!" அம்சவள்ளி துள்ளிக் குதித்தாள்.

அந்தக் கனலைத் தேங்காய் நாரில் தட்டி, ஊதி, சருகில் செருகினான். குபீரென்று பிடித்தது. பிள்ளைகள் விசிலடித்தார்கள். செல்லதுரையின் கை தன் மீசைக்குப் போயிற்று.

ராசாங்கம் அதோடு விட்டானா? பெருமை தாங்காமல் குனிந்து ஊதிக்கொண்டே இருந்தான். முந்திரி விளையாத ஊர்க்காரனுக்கு என்ன தெரியும்? சூடேறினால் கொட்டை ஓட்டிலிருக்கும் எண்ணெய் தீயாகப் பீய்ச்சியடிக்கும். இங்கே நண்டு சிண்டுகள்கூட எட்ட நின்றுதான் சுடும்.

"ஏங்க, ஊதாதீங்க!"

சீறிப் பாய்ந்தது தீ. ராசாங்கம் மல்லாக்க விழுந்தான். அம்சவள்ளி பதறி ஓடி முகத்தைத் தடவிப் பார்த்தாள். நல்லவேளை, காயமில்லை. ஆனால் இடது பக்க மீசை பொசுங்கிப் போயிருந்தது.

சாயங்காலம் மச்சானும் மாப்பிள்ளையும் சவரக் கடையிலிருந்து மொழுமொழுவென்று வந்து நின்றார்கள். சமைத்துக்கொண்டிருந்த அம்மா பாப்பாயி கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"அதெப்படி, ரெண்டு பேருமா தோத்தீங்க?"

"எங்க வூட்டுக்காரரு ஜெயிச்சாரும்மா!" என்று கத்தினாள் அம்சவள்ளி.