கூரைத் துணி

மனைவியின் மேலாளர் தலைமேல் துணி விழுந்தபோது கார் மேம்பாலத்து ஏற்றத்தில் இருந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. பின்பக்கக் கண்ணாடியோரம் முதலில் ஒரு மூலை விட்டது. பிறகு கொடியிலிருந்து ஈரத்துணி நழுவுவதுபோல உள்கூரைத் துணி மொத்தமும் மெதுவாக இறங்கி, பின்சீட்டில் போன் பேசிக்கொண்டிருந்தவரை மூடியது. கூடவே மஞ்சள் பொடி. பழைய வண்டி, துணிக்கும் கூரை அட்டைக்கும் நடுவில் இருந்த நுரைப்பஞ்சு வெயிலில் உளுத்து மாவாகியிருந்தது. அது அவருடைய படிய வாரிய கொண்டையிலும் கறுப்புக் கோட்டிலும் கொட்டியது.

“அப்புறம் பேசறேன்” என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவன் வண்டியை ஓரங்கட்டினான். காது மடல் சுட்டது. மேலாளரின் கார் பட்டறையில் இருந்ததால், வீட்டில் இறக்கிவிடுகிறோம் என்று மனைவிதான் வலியச் சொல்லியிருந்தாள். அவளுக்குப் பதவி உயர்வு வரும் என்று ஆபீஸில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம்.

துணி தொய்ந்து தலையில் இடிக்க ஆரம்பித்தபோதே அவள் சொன்னாள், “கடையில குடுத்துடுங்களேன்.” வேலை பார்த்த ஆலை மூடியதிலிருந்து அவன் வீட்டில்தான் இருந்தான். குழாய் ஒழுகினாலும் கதவு இழுத்தாலும் ‘நான் பாத்துக்கறேன்’ என்று சொல்ல ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தவனுக்கு இது வாகாகக் கிடைத்தது. “இதுக்குப் போய் கடையா? எல்லாம் தெரியும், நீ சும்மா இரு.” பழைய நுரையைச் சுத்தமாகச் சுரண்டாமல் பசை நிற்காது என்பது தெரியாததல்ல. சோம்பல். முந்தின நாள் பொடியின் மேலேயே பசையைப் பூசி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தான். சாயங்காலம் அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் சீட்டில் சாய்ந்து மேலே பார்த்து, “நல்லாத்தான் வந்திருக்கு” என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அன்று படுக்கப் போகும்வரை அவன் விசிலடித்துக்கொண்டு திரிந்தான்.

இப்போது அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் பின்னால் திரும்பிவிட்டாள். “ஐயோ, சாரி மேடம். நான்தான் ஒட்டினேன். அவர் கடையில குடுக்கலாம்னுதான் சொன்னார்.”

“நீங்களா? ஆபீஸ்ல ஒரு புள்ளி தப்பாம வேலை செய்வீங்களே” என்று மேலாளர் சிரித்தபடி துணியை விலக்கினார்.

அதோடு முடிந்திருக்கும். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவன் சொன்னான், “நாம சொன்னா இவ எங்க கேக்கறா மேடம்? எல்லாம் தனக்கே தெரியும்னு ஒரு நெனப்பு.”

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான். மேலாளர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். கைக்குட்டையால் அவர் தோளைத் தட்டிக்கொண்டிருந்த மனைவியின் கை ஒரு கணம் நின்று, மறுபடி தட்டத் தொடங்கியது.

அவரை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், “சும்மா வெளையாட்டுக்குத்தான் அப்படி…” என்று இழுத்தான்.

“முன்னாடி பஸ் நிக்குது, பாருங்க.”

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. சாப்பாடு போட்டாள், மின்விசிறியைக் கூட்டி வைத்தாள், போர்வையை எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. அதனாலேயே அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பயந்து உளறியிருந்தால்கூட மன்னிப்புக் கேட்கலாம். பயமே இல்லாமல், சுகமாக அல்லவா வந்தது அந்தப் பேச்சு.

மறுநாள் கூரை அட்டையைக் கழற்றி, பின்கதவு வழியே உருவி, ஸ்டூல்கள் மேல் கிடத்தினான். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு பிரஷ்ஷால் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் பொடி வந்துகொண்டே இருந்தது. ‘நெனப்பு’ என்று தான் அழுத்திச் சொன்னது காதில் விழ, இன்னும் பலமாகத் தேய்த்தான். சூடு தாங்கும் பசை வாங்கி வந்து, புதுத் துணியைச் சுருக்கமில்லாமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினான். ஒட்டி முடித்து உள்ளே ஏற்றும்போதுதான் சிக்கல். ஒற்றை ஆளாய்த் தூக்கினால் அட்டை மடங்கியது. ஆபீஸிலிருந்து வந்தவள் பையைக்கூட வைக்காமல் பின்சீட்டில் ஏறி, தலையாலும் கைகளாலும் அதைத் தாங்கிக்கொண்டாள்.

“மேடம் ஏதாவது கேட்டாங்களா?” என்றான், திருகாணியை முடுக்கிக்கொண்டே.

“அதப்பத்தி மூச்சே விடலை.”

‘அப்பாடா’ என்று மனம் சொன்னது. சொன்ன மனத்தை அறையலாம் போலிருந்தது.

அந்த வாரக் கடைசியில் அவளை அழைத்துவர ஆபீஸ் வாசலில் நின்றிருந்தபோது, இருவரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். அவன் இறங்கிப் போனான்.

“மேடம், அன்னிக்கு அந்தத் துணியை ஒட்டினது நான். இவ கடையில குடுக்கத்தான் சொன்னா. நான்தான் கேக்கலை.”

மேலாளர் பையில் சாவியைத் துழாவுவதை நிறுத்தினார்.

“தெரியும்” என்றார். “ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்த உங்க கையை அன்னிக்கே பாத்தேன். நகக்கண்ணெல்லாம் பசை காஞ்சு கிடந்துது.”

குத்தலாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தன் காரை நோக்கிப் போனார்.

மனைவி மேலாளர் போன திசையையே பார்த்திருந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. அவனுக்காக அவள் சொன்ன பொய்யும் அல்லவா இத்தனை நாள் மேலாளரின் கண்ணெதிரே அவளோடு ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறது. அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“நான் சொல்லியிருக்கக் கூடாதா?” என்றான்.

“சாவியைக் குடுங்க. நான் ஓட்டறேன்.”

அவன் சுற்றிப் போய் மறுபக்கம் ஏறினான். அவனுடைய நீளக் காலுக்காகப் பின்னுக்குத் தள்ளியிருந்த சீட்டை அவள் முன்னால் இழுத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. அவன் கைகளை மடியில் வைத்தான், பிறகு கட்டிக்கொண்டான், பிறகு தொடைக்கடியில் செருகிக்கொண்டான். சாலை முழுக்க ஆபீஸ் விட்ட கூட்டம். அவள் ஹாரன் அடிக்காமல், நிதானமாக, ஒவ்வொருவருக்கும் வழிவிட்டபடி ஓட்டினாள்.