ஏழாம் வகுப்பு மூக்கு

ஏழாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்த வாரத்தில், அருங்காட்சியகத்து ராஜா சிலைக்கு மூக்கு முளைத்தது. நானூறு வருடங்களாக மூக்கில்லாமல் நின்ற சிலை அது. காலையில் தூசி தட்டிய காவலாளி பார்த்துவிட்டு மேலதிகாரியிடம் சொல்ல, அவர் வந்து தடவிப் பார்த்து, கல்தான் என்று உறுதி செய்துகொண்டு, யாரும் தொடக்கூடாது என்று ஒரு பலகை வைக்கச் சொன்னார். அதற்கு மேல் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில்தானே வந்திருக்கிறது என்பது ஊரின் அபிப்பிராயம். அது யாருடைய மூக்கு என்று தெரிந்தவர் பாடப்புத்தகத்துக்குப் படம் போடும் ஓவியர் ஒருவர்தான். அவருடைய தங்கை புருஷனின் மூக்கு அது.

அந்த ராஜாவுக்குப் படம் என்று எதுவும் கிடையாது. அவர் காலத்துக் காசுகளில் இருந்த முகம் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. ஆனால் படமில்லாத ராஜாவைப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள் என்று பாடநூல் குழு முடிவு செய்து, உடனே ஒரு முகம் வேண்டும் என்றது. ஓவியர் தன் மாப்பிள்ளையைச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்தார். மாப்பிள்ளை டவுன் பஸ் கண்டக்டர். வாரம் முழுக்க நின்றே பிழைப்பவர், உட்காரச் சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டார். சிக்கல் என்னவென்றால், அவருடைய மூக்கு இடப்பக்கம் கோணியிருந்தது, இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. பாடப்புத்தக ஓவியர்களுக்கென்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நல்லவனுக்கு நேர் மூக்கு, மேலிருந்து வெளிச்சம். கெட்டவனுக்குக் கோணல் மூக்கு, கீழிருந்து வெளிச்சம். ஓவியர் பழக்கதோஷத்தில் மூக்கை நிமிர்த்தினார், தழும்பை ஒரே இழுப்பில் அழித்தார். குழுத் தலைவியான பேராசிரியை படத்தைப் பார்த்த மாத்திரத்தில், “இவரேதான்” என்றார், ஏதோ நேற்றுத்தான் ராஜா வீட்டில் விருந்து சாப்பிட்டு வந்தவர் போல.

சிலைக்குப் பிறகு காசுகளில் முகம் தெளிந்தது. அதற்கும் பிறகுதான் மாப்பிள்ளையின் முறை வந்தது. ஒருநாள் சவரம் செய்யும்போது மூக்கு நேராக இருந்தது, புருவம் முழுசாக இருந்தது. அன்றிலிருந்து பஸ்ஸில் அவரைக் கண்டதும் பயணிகள் எழுந்து நின்றார்கள். சில்லறை கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. டிப்போ மேலாளர் அவரை வெளியூர் வண்டிக்கு மாற்றப் பயந்தார். மனிதர் முதலில் சங்கடப்பட்டார், பிறகு பழகிக்கொண்டார், கொஞ்ச நாளில் டிக்கெட்டையே காசில் இருக்கும் ராஜா போலப் பக்கவாட்டில் திரும்பி நின்று கிழித்துக் கொடுத்தார். இதற்குள் பேராசிரியை தலையணை கனத்தில் ஒரு புத்தகம் எழுதிவிட்டார். படம் சரி என்பதற்குச் சிலை ஆதாரம், சிலை உண்மை என்பதற்குப் படம் ஆதாரம். ஓவியருக்கு மனசு உறுத்தியது. நேரில் போய், அது எங்கள் மாப்பிள்ளை மூக்கு, அதையும் நான்தான் நிமிர்த்தினேன் என்று ஒப்புக்கொண்டார். பேராசிரியை அவரைப் பரிவோடு பார்த்தார். “அப்படின்னா உங்க மாப்பிள்ளை ராஜ வம்சமா இருக்கணும்” என்று சொல்லி, அதை ஆராய ஒரு மாணவியையும் நியமித்தார்.

ஓவியரின் தங்கை பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தது இந்தச் சமயத்தில்தான். அடியா, சண்டையா என்று அவர் கேட்க, அதெல்லாம் இல்லை என்றாள். ராஜா பக்கத்தில் படுத்தால் தூக்கம் வரவில்லை, காபியை நீட்டும்போது தலை தானாகக் குனிகிறது. கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை அவளைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பி அவள் முகத்தையே பார்த்தபடி ஓட்டி, விளக்குக் கம்பத்தில் மோதினார். மூக்கும் புருவமும் போனது அன்றுதான். ரத்தம் வழிய அவர் தரையில் உட்கார்ந்து, உனக்கு அடிபட்டதா என்றுதான் முதலில் கேட்டார். “அவர் மூஞ்சில எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதாண்ணா. அதைப் போய் அழிச்சிட்டியே.” இத்தனை வருடங்களில் எத்தனை மூக்கை நிமிர்த்தியிருப்போம், அத்தனைக்கும் பின்னால் ஒரு வீடு இருந்திருக்குமே என்று நினைத்து ஓவியர் அன்று முழுக்கத் தூரிகையைத் தொடவில்லை.

அடுத்த பதிப்புக்கு ராஜாவைத் தழும்போடு வரைந்து கொடுத்துப் பார்த்தார். குழு சிரித்தது. சிலையில் தழும்பு இல்லையே என்றது. ஆனால் அதே கூட்டத்தில் புதிய பாடம் ஒன்றுக்குப் படம் கேட்டார்கள்: கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்ட மந்திரி. பார்த்ததும் துரோகி என்று தெரிய வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. ஓவியர் வீட்டுக்கு வந்து தங்கையையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைத்து விஷயத்தை உடைத்தார். மந்திரிக்கு மாப்பிள்ளையின் பழைய முகத்தைப் போட்டால் அந்த முகம் திரும்பி வந்துவிடும், ஆனால் மரியாதை போய்விடும், அப்புறம் ஆயுசு முழுக்க ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். மாப்பிள்ளை தன் நேர் மூக்கை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். அதன்மேல் அவருக்கு ஆசை விழுந்திருந்தது, பாவம், இல்லையென்று சொல்ல முடியாது.

“எழுந்து நிக்கிறவங்கல்லாம் நிக்கத்தான் செய்றாங்க மச்சான். ஒருத்தரும் பக்கத்துல உட்கார மாட்டேங்கிறாங்க,” என்றார் கடைசியில். “நீங்க வரைங்க.”

ஓவியர் பழைய முகத்தை நினைவிலிருந்து வரைந்தார். சட்டப்படி கீழிருந்து வெளிச்சம் போட்டாரே தவிர, முகத்தில் ஒரு கோட்டைக்கூடத் திருத்தவில்லை. பேராசிரியை பார்த்தார். “துரோகம் முகத்துலயே எழுதியிருக்கு” என்று கையெழுத்துப் போட்டார்.

புத்தகம் வந்த வாரம் மாப்பிள்ளையின் மூக்கு பழையபடி கோணியது, புருவம் பிளந்தது. அருங்காட்சியகத்தில் கோட்டைவாசல் சிற்பத்தின் மூலையில் முகமில்லாமல் கிடந்த ஒரு சின்ன உருவத்துக்கும் தழும்பு வந்தது. அது எந்தப் போரில் பட்ட வெட்டு என்று பேராசிரியை தன் நூலில் தனி அத்தியாயம் சேர்த்தார். பஸ்ஸில் ஜனங்கள் சில்லறையை இரண்டு தடவை எண்ணினார்கள், கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். டிப்போ மேலாளர் வெளியூர் வண்டி போட்டுவிட்டார்.

தங்கை அந்த வண்டியில்தான் வீடு திரும்பினாள். பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், டிக்கெட் நீட்டியவரின் புருவத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். அவர் டிக்கெட்டைக் கொடுத்த பிறகும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்ததில் கம்பியில் இடித்துக்கொண்டார். பின் இருக்கையில் இருந்த அம்மாள் குனிந்து, பார்த்து இருந்துக்கோம்மா, ஆள் மூஞ்சியே சரியில்லை என்று காதில் எச்சரித்தாள்.

“தெரியும்க்கா,” என்றாள் தங்கை. “என் வீட்டுக்காரர்தான்.”

கண்டக்டர் விசில் ஊதினார். வண்டி கிளம்பியது.